நடுப்பலகைக்கு எந்த மரம்?

பாய்மரப் படகைக் கரையில் நின்று காண்போர் பாயையே வியக்கின்றனர். நீருக்கடியில் இருக்கும் பலகையை எண்ணுவோர் அரியர். பக்கத்திலிருந்து வீசும் காற்று படகை முன்னே செலுத்துவதோடு பக்கவாட்டிலும் தள்ளுகின்றது. அதைத் தடுக்கவே படகின் நடுவிலுள்ள பிளவு வழியாக ஒரு பலகை இறக்கப்படுகின்றது. பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டிய நம் மீனவரும் நீருள் பலகை செருகியே காற்றைத் தம் வழிக்குக் கொணர்ந்தனர்.

நாங்கள் மூவர் சேர்ந்து பேணிவரும் படகு 'எண்டர்பிரைஸ்' வகையைச் சார்ந்தது. 1956-இல் இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட் வரைந்த வடிவம். நீளம் 4 மீட்டருக்குச் சற்றே மிகுதி. அதன் பழைய நடுப்பலகை, உள்ளே நீர் புகுந்து அடுக்குகள் பிரிந்து பயனற்றதாயிற்று. புதியதை எதனால் செய்வது என்பது எங்களைப் பல மாலைகள் பேச வைத்தது.

காரணம் உண்டு. இத்தகைய படகு எளிதில் கவிழும். கவிழ்ந்த வேளையில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அப்பலகையின்மீது ஏறி நின்று, விளிம்பைப் பற்றிப் பின்னே சாய்ந்துதான் படகை நிமிர்த்த வேண்டும். எங்களிடம் பயில்வோர் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். பலகை முறிந்தால் அவர்கள் எதன்மீது நிற்பர்?

எங்களுள் ஒருவர் அலுமினியத் தகடே போதுமென வாதிட்டார். ஆனால் உப்புநீரில் எஃகு அச்சைத் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். இரும்புத் தகடோ நீரைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு கனம், துருவும் ஏறும்.

கடல்தர ஒட்டுப்பலகை எளிய வழி. ஐ.எஸ். 710 முத்திரை பெற்றது நீரைத் தாங்கும். ஆயினும் அதன் அடுக்குகளில் ஏறக்குறைய பாதியின் நார் குறுக்காக ஓடுவதால், ஆள் ஏறி நிற்கும் சுமையை அவை அதிகம் ஏற்பதில்லை. தனிமரத்தின் நாரெல்லாம் நீளவாட்டில் அமையும். ஆனால் ஒரே அகலப் பலகையாயின் ஈரமும் வெயிலும் மாறிமாறிப் பட்டுக் கோணிவிடும். கோணியது பிளவில் சிக்கும்.

ஆகவே தேக்கைக் குறுகிய கீற்றுகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைப் புரட்டி, எப்பாக்சிப் பசையால் இணைத்தோம். (தேக்கின் விலை கேட்டு மலைத்த எங்களுக்கு, இடிக்கப்பட்ட வீடொன்றின் கதவுநிலை கைகொடுத்தது.) தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு, அசிட்டோனால் துடைத்த உடனே ஒட்ட வேண்டும். மேலே கண்ணாடியிழைத் துணி போர்த்தினோம். பழைய பலகைக்குள் நீர் புகுந்த வாயில் அச்சுத் துளையே. எனவே துளையைப் பெரிதாக இட்டு, பசையால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே மீண்டும் துளைத்தோம்.

ஒரு வாரம் உலரவிட்ட பின்னர், பலகையின் தலைப்பகுதியைத் தச்சு மேசையில் இறுகப் பிணைத்து, நீட்டி நின்ற மறுமுனையில் எங்களுள் மிகுந்த எடையுடையவரை ஏற்றினோம். அலுமினியத்துக்காக வாதிட்டவரும் அவரே. பலகை விரலளவு தாழ்ந்தது. அவர் இறங்கியதும் நேரானது.