அப்பா கீறிய கோடு

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது விடியும்வரை தூங்கக் கிடைக்கும் ஒரே நாள். அந்த நாளிலும் ஐந்தரைக்கே எழுந்து, அப்பாவின் பழைய ராலே சைக்கிளை மின்தூக்கியில் இறக்கிக்கொண்டு கிளம்பினேன். மார்சிலிங்கிலிருந்து அட்மிரல்ட்டி ரோடு வெஸ்ட் வழியாகச் செம்பவாங் வரை போவதாகத் திட்டம். கப்பல் பட்டறை வேலைக்கு அப்பா பல ஆண்டுகள் மிதித்துப் போன பாதை அது.

உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவைத் தாண்டவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடியது. முழங்காலுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தது. விரல்கள் மரத்துப்போயின. நீரிணைக்கு அப்பால் தெரிந்த ஜோகூர் பாரு கட்டடங்களைப் பார்த்தபடி சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினேன்.

“சீட்டை இறக்கணும்பா” என்றேன்.

அப்பா நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “ஓட்ட ஓட்டப் பழகிடும்மா.”

இந்த வண்டியை அவர் 1987ல் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் வாங்கினார். அந்தச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. வண்டி இன்னும் இருக்கிறது. வளைந்த ஹேண்டில்பார், எஃகுச் சட்டம், கீழ்க்குழாயில் இரண்டு கியர் நெம்புகோல்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அவருக்கு ராலே என்றால் ஊர்ப் பெரியவர்கள் ஓட்டுகிற வண்டி. அதிலும் பந்தய வண்டி கிடைத்தபோது ஒரு மாதச் சேமிப்பை அப்படியே கொடுத்துவிட்டாராம்.

பழகிடும் என்று அவர் சொல்வதற்கும் காரணம் உண்டு. அவர் சைக்கிள் கற்றது குரங்கு பெடலில். பெரியவர்கள் வண்டியின் பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக்கி மிதிப்பது. 2024ல் அந்தப் பெயரிலேயே ஒரு தமிழ்ப் படம் வந்தபோது, வீட்டில் அதிகம் சிரித்தவர் அவர்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெண்களுக்கான வண்டி போதாமல், ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். வண்டி தங்கள் அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அவர்கள் ஏறியிருக்கவே முடியாது.

கிடைத்ததற்கு ஏற்ப உடம்பை வளைத்துக்கொண்ட தலைமுறை அது. அந்தத் துணிச்சல் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒலிபரப்பு அறையில் நான் கற்றது வேறு. எனக்கு முந்தைய படைப்பாளர் ஆறடி உயரம். அவர் எழுந்து போனதும் நாற்காலியை இறக்கி, மைக்கை என் வாய்க்கு நேராக இழுத்துக்கொள்வேன். எனக்கு அடுத்து வருபவர் மறுபடி மாற்றுவார். அதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. மைக்குக்காகக் கழுத்தை வளைத்தால் மூன்று மணி நேரத்தில் குரலே மாறிவிடும்.

எனவே அளந்து பார்த்தேன். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். எனக்கு 77 செண்டிமீட்டர். அதை 0.883ஆல் பெருக்க வேண்டும். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார் பயன்படுத்தியது. மூன்று முறை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்ட் பரவலாக்கியது. விடை 68. பெடல்கள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் அது. வண்டியில் இருந்ததோ 72.

கணக்கு வேண்டாம் என்பவர்கள் சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறைய சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கும். இரண்டுமே தொடக்கம்தான். அதன்பின் சில மில்லிமீட்டரை நம் முழங்கால்தான் சொல்ல வேண்டும்.

நான்கு செண்டிமீட்டர் இறக்கினால் போதும். ஆனால் போல்ட்டைத் தளர்த்தியும் சீட்டைத் தாங்கும் தண்டு அசையவில்லை. பல ஆண்டுகளாக அதை யாரும் நகர்த்தவில்லை. அதில் ஆணியால் கீறிய ஒரு கோடு, சட்டத்தின் வாய்க்கு நேராக நின்றது. அப்பா தம் உயரத்துக்குப் போட்டுக்கொண்ட அடையாளம்.

வேறு வழி தெரியாமல், சீட்டை முன்னால் தள்ளி ஹேண்டில்பாரை எட்டப் பார்த்தேன். அது பெரிய தவறு. அடுத்த வாரம் முழங்காலின் முன்பக்கமும் வலித்தது. சீட்டை முன்பின் நகர்த்துவது காலுக்காக. கை எட்டுவதற்காக அல்ல.

நான் சீட்டைப் பிடித்து முறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ஒருநாள் மெதுவாக நடைக்கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முரட்டுத்தனமா இழுக்காதே. அது அலுமினியம், இது இரும்பு. ரெண்டும் ஒட்டியிருந்து உப்புத் தண்ணி பட்டா ஒன்னையொன்னு பிடிச்சுக்கும். கப்பல்ல அதுக்குத்தான் துத்தநாகக் கட்டி வைப்போம். இரும்புக்குப் பதிலா அது கரையும்.”

இந்த ஊர் ஈரக்காற்றும் அவர் வியர்வையும் சேர்ந்து செய்த வேலை. துரு இளக்கும் எண்ணெயை விளிம்பைச் சுற்றிச் சொட்டச் சொன்னார். மூன்று இரவு அப்படிச் செய்தோம். மூன்றாவது இரவு, நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

“இறக்கிட்டா, அப்புறம் அது என் வண்டி இல்லம்மா.”

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இனிச் சாலையில் ஓட்டமாட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘பழகிடும்’ என்று அவர் சொன்னது என்னை மனத்தில் வைத்து மட்டுமல்ல என்று அப்போதுதான் விளங்கியது. “ஒரு போல்ட்தான்பா. எப்ப வேணும்னாலும் ஏத்திக்கலாம்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை சட்டத்தை அவர் இறுக்கிப் பிடிக்க, நான் சீட்டைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். தண்டு நகர்ந்தது. வெளியே எடுத்துத் துடைத்து, உள்ளேயும் வெளியேயும் கிரீஸ் தடவி, 68க்கு இறக்கினோம். அப்பாவின் கோடு குழாய்க்குள் போனது. போல்ட்டை இறுக்கியது அவர்தான்.

பிறகு பெடல்களைக் கிடைமட்டமாக நிறுத்தி, முழங்காலின் முன்புறத்திலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். அது பெடல் அச்சுக்கு நேராக வரும்வரை சீட்டைப் பின்னால் தள்ளினோம். அடுத்தது ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம். மேல் போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும். அதில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கக்கூடாது. உயர்த்தியும் எட்டாததால், பத்து செண்டிமீட்டர் நீளத்தை எட்டாகக் குறைத்தோம். கடைக்காரர் முதலில் கேட்டது, “பிரெஞ்சு வண்டியா?” என்றுதான். பழைய பிரெஞ்சு வண்டிகளுக்கு 22.0 மில்லிமீட்டர், இதற்கு 22.2. பழைய ஸ்டெம் என்பதால் ஒரு பக்க நாடாவையும் பிரேக் பிடியையும் கழற்றித்தான் ஹேண்டில்பாரை உருவ முடிந்தது. ஒரு முழுச் சனிக்கிழமை போயிற்று.

எல்லாம் பொருந்திவிடவில்லை. பாரின் நீளத்தை யாராலும் குறைக்க முடியாது. கால் ஊன்றி நின்றால் அதற்கும் எனக்கும் இடையே ஒரு விரல் இடைவெளிதான். அந்தக் கொஞ்சத்துக்கு, அப்பா சொன்னதுபோல், நான்தான் பழகிக்கொள்கிறேன்.

போன மாதம் செம்பவாங் பூங்காவரை போய்க் கடலோரத்தில் நின்று அவருக்குப் படம் அனுப்பினேன். ‘முட்டி?’ என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தார். வலிக்கவில்லை என்றேன்.

மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தத் தண்டை வெளியே எடுத்துத் துடைத்து, புதிதாகக் கிரீஸ் போட வேண்டும் என்பது அவர் உத்தரவு. அந்த நாள்களில் அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு நடைக்கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். துடைத்த தண்டை வாங்கி, தம் கோடு இன்னும் இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டுவார்.