561ஆம் புலம்

செட்டிநாட்டுப் பழைய தாள்களைத் தேடுகிறவர்கள் இப்போது கோட்டையூருக்கு வருவதில்லை. சென்னை தரமணிக்குப் போகிறார்கள். அங்கே மத்திய பாலிடெக்னிக் வளாகத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் எங்கள் ஊர்க்காரர். நானும் அங்கேதான் போகிறேன். சொந்த ஊரின் பழைய முகத்தைப் பார்க்க ராத்திரி ரயிலேறி எழும்பூரில் இறங்குவது எனக்குப் பழகிப்போனது, பிடித்துப்போகவில்லை.

ரோஜா முத்தையா செட்டியார் சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். 1950 வாக்கில் சேர்க்கத் தொடங்கினார். அரிய நூல்களைத் தேடிச் சேர்த்தவர்கள் தமிழ்நாட்டில் வேறு பலரும் உண்டு. மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் எடுத்து வைத்தது இவருடைய தனிப்புத்தி. காலணா குஜிலிப் பாட்டு, சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் எல்லாம் ஒரே மரியாதையோடு கோட்டையூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் என்கிறார்கள். 1992இல் அவர் காலமானார். சேகரிப்பு சிதறிவிடக் கூடாது என்று சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. மொழி அறக்கட்டளை முன்நின்று 1994இல் சென்னையில் நூலகம் அமைத்தது. முதலில் முகப்பேர், பிறகு தரமணி. மூலத் தாள்கள் கடல் தாண்டவில்லை. சிகாகோவுக்குப் போனவை நுண்படப் பிரதிகள்.

நடந்தது நல்லதுதான். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் கறையான் என்ன செய்யும், ஓடு விலகிய இடத்தில் ஐப்பசி மழை என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனாலும் கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு டவுன் பஸ் ஏறும்போதெல்லாம் ஒரு கணக்கு இடிக்கிறது. இந்த ஊர் தந்த இருவரில் வள்ளல் அழகப்பச் செட்டியார் எழுப்பிய கல்லூரிகள் பக்கத்திலேயே நிற்கின்றன. இன்னொருவர் சேர்த்தது மட்டும் இங்கே இல்லை.

நூலகத் தகவலியலில் முதுகலை படிக்க வெளியூர் போயிருந்தேன். கடைசிப் பருவத்துக்குத் திட்ட அறிக்கை எழுத வேண்டும். உடன் படித்தவர்கள் கல்லூரி நூலகத்தில் மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, சதவீதம் போட்டு முடித்தார்கள். கெட்டிக்காரர்கள். நான் ஊருக்குத் திரும்பி, எங்கள் தெருக் கோடியில் இருந்த ஆச்சி வீட்டு மாடியின் டிரங்குப் பெட்டிகளை விவரப்பட்டியல் போட அனுமதி கேட்டேன். முத்தையா செட்டியாரின் கண்ணில் படாமல் ஊரில் தங்கிவிட்ட தாள் ஏதேனும் இருக்காதா என்ற ஆசை. "பட்டியல் போட்டு என்ன செய்யப் போறே தம்பி? சரி, மெத்தைக்குப் போ. ராத்திரிக்கு முன்னால இறங்கிடு" என்றார் ஆச்சி.

பெட்டியைத் திறந்தால் வசம்பு வாசனை. நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இறங்குவேன். ஆச்சி வளவுத் தாழ்வாரத்தில், தூணோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். தலைப்பை நான் வாசிப்பேன். அதன் கதையை அவர் சொல்வார். பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ பாட்டுப் புத்தகம் ஒன்று, அட்டைப் படம் கத்தரிக்கப்பட்டு. 1944இல் வந்த படம். படத்தை வெட்டியது ஆச்சியின் அக்கா. தன் சாமான் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாராம். அப்பச்சி பார்த்துவிட்டுப் பெட்டியோடு தூக்கி வாசலில் வைத்துவிட்டாராம். "ஒட்டுன படம் உரியல. பெட்டியோடதான் அக்கா கல்யாணமாகிப் போச்சு" என்று சொல்லி ஆச்சி சிரித்த சிரிப்பை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பர்மாவிலிருந்து வந்த கைச்சாத்துக் கணக்கு ஒன்று. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்த பிறகு, கப்பல் கிடைக்காதவர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். ஆச்சியின் மாமனார் அப்படி வந்தவர். எவரெவர் எவ்வளவு தர வேண்டும் என்ற அந்தச் சின்ன நோட்டை வேட்டிக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கடைசிவரை ஒரு காசும் வசூலாகவில்லை. நான் படித்த படிப்புக்கு ஏற்ப, "நீர்க்கறை உண்டு, சில பக்கங்கள் மங்கல்" என்று எழுதிக்கொண்டேன். ஆச்சி கையை நீட்டி நோட்டை வாங்கிப் பார்த்தார். "தண்ணி இல்ல தம்பி. வேர்வை."

இசைகுடிமானம் ஒன்றும் இருந்தது. நகரத்தார் கல்யாணத்தில் எழுதிக் கையெழுத்திடும் உறுதிப் பத்திரம். என்னிடம் காட்டிவிட்டு, இது பட்டியலில் வேண்டாம் என்று அவரே மடித்து எடுத்துக்கொண்டார். அதனால் என் அறிக்கையில் அது இல்லை.

நூலகக்காரர் அல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணினியில் நூல்விவரம் பதிய மார்க் 21 என்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் எண் இட்ட ஒரு புலம். 245இல் தலைப்பு. 300இல் பக்கமும் அளவும். 541இல் யாரிடமிருந்து கிடைத்தது. 561இல் அந்தப் பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறு. பெரும்பாலான நூலகங்களில் 561 காலியாகக் கிடக்கும். அவசரத்தில் நிரப்ப முடியாத புலம் அது. பக்கத்தில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் பதிவுகளில் 245 ஒரு வரி. 561 ஒரு பக்கம், சிலவற்றுக்கு இரண்டு. வழிகாட்டி நல்ல மனிதர்; பென்சிலை எடுத்து, இது அறிக்கையா கதைப் புத்தகமா என்று கேட்டார். ஒவ்வொன்றும் ஒரு வரியானது. ‘தனியார் குடும்பச் சேகரிப்பு, கோட்டையூர்.’ எல்லாப் பதிவிலும் அதே வரி. விதிமுறைப்படி அவர் சொன்னது சரி, மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. கறுப்பு அட்டை போட்டுத் தங்க எழுத்துப் பொறித்த பிரதியை ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, அக்கா எங்கே என்று கேட்டார்.

எங்கள் நூலகத் துறையின் தாத்தா எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறையை இன்று படித்தாலும் அசந்துபோவேன். பொருளை ஐந்து முகங்களாகப் பிரித்து, இடத்துக்கும் காலத்துக்கும் தனி முகம் கொடுத்தார். ஒரு நூல் எந்த ஊரைப் பற்றியது என்று அதில் எழுதலாம். எந்த ஊரைவிட்டுப் போயிற்று என்று எழுத முகம் கிடையாது. பகுப்பின் வேலை அதுவல்ல என்பது எனக்கும் தெரியும். தெரிந்தே சொல்கிறேன்.

ஆச்சி இப்போது இல்லை. பங்காளிகள் வீட்டை விற்றார்கள். தேக்குத் தூணும் நிலைக்கதவும் இரும்புப் பீரோவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருக்கும். செட்டிநாட்டு வீடுகள் பிரிகிற வழி அதுதான். எனாமல் தூக்குச் சட்டிக்கும் ரவிவர்மா படத்துக்கும் அங்கே நல்ல விலை. காகிதத்துக்கு எடைதான். டிரங்குப் பெட்டிகள் போனது எனக்குத் தெரிய ஒரு மாதமாயிற்று. பெட்டிக்கு விலை இருந்திருக்கும், உள்ளே இருந்ததுக்கு இருந்திருக்காது.

ஊரிலேயே ஒரு நூலகம் நிலைத்திருக்க முடியாதா என்றால், முடியும். புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டியெழுப்பிய ஞானாலயா அப்படித்தான் அந்த ஊரிலேயே வளர்ந்தது. ஆனால் அதற்கு அப்படி இருவர் வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டு. மீதியில் காவல்காரர் மட்டும்.

நான் இப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கோஹா மென்பொருளில் புத்தகங்களுக்குப் பார்கோடு ஒட்டுகிறேன். புதுப் புத்தகங்கள், அவற்றின் 561 காலி, நியாயமாகவே காலி. பென்சில் கோடு விழுந்த பழைய பக்கங்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன, ஆச்சி சொன்னபடியே எழுதிய கையெழுத்துப் படி. தாள்களே போன பிறகு அந்தத் தாள்களைப் பற்றி மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இதன் இடம் தரமணிதான் என்று என் படிப்பு சொல்கிறது. அங்கே கொடுத்தால் பாதுகாப்பார்கள், பதிவு போடுவார்கள், எவராவது ஓர் ஆய்வு மாணவர் கேட்டு வாங்கி வாசிப்பார். ஒவ்வொரு தடவை சென்னைக்குப் போகும்போதும் பையில் எடுத்து வைக்கிறேன். அதையும் கொடுத்துவிட்டால் கோட்டையூரிலிருந்து இன்னொன்று போனதாகிவிடும் என்று திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருப்பது மட்டும் எந்த வகையில் கோட்டையூர் என்று மனைவி கேட்கிறாள். அவள் கேட்பதும் சரிதான்.