ஒரு பனம்பழம், மூன்று முளை
உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் நடந்தால் கால் புதையும். கண்ணுக்கெட்டியவரை பனைகள். சென்ற ஐப்பசியில் அங்கே ஒரு பனையேறியைச் சந்தித்தேன். என் வரப்பில் முழுப் பழமாகப் புதைத்த இடங்களில் இரண்டு, மூன்று கன்றுகள் சேர்ந்து வந்ததையும், பிடுங்கி வேறிடத்தில் நட்டவை எல்லாம் பட்டுப்போனதையும் சொன்னேன்.

"ஒரு பழத்துல மூணு கொட்டை வரைக்கும் இருக்கும், தம்பி. கொட்டைக்கு ஒரு முளை. அது முதல்ல கீழதான் இறங்கும். பிடுங்கினா அறுந்துரும்" என்றார்.

கிழங்குப் பாத்தியின் ஓரத்தைத் தோண்டிக் காட்டினார். மேலே இலையே இல்லை; முளை ஒரு சாண் இறங்கியிருந்தது.

"கொட்டையைப் பிரிச்சு, மரம் நிக்க வேண்டிய இடத்துலயே போடுங்க. ஆணா பெண்ணான்னு பாளை விட்டாத்தான் தெரியும். அதுக்குப் பன்னிரண்டு வருசத்துக்கு மேல ஆவும். அதனால நாலு கொட்டை கூடவே போடுங்க."

இந்தப் புரட்டாசியில் அப்படியே தனித்தனியாக ஊன்றிவிட்டேன். உங்கள் வரப்பிலும் சேர்ந்து முளைத்திருந்தால் இடம் மாற்றாதீர்கள். செழிப்பானதை விட்டுவிட்டு, மற்றதைத் தை மாதம் பக்குவமாகத் தோண்டி, கிழங்காக அவித்துச் சாப்பிடுங்கள்.