மூணாற்றுத் திடலும் ரேணிகுண்டாத் திடலும்

சென்னை, கூடூர், கடப்பை, திருப்பதி என நாற்புறமும் இருப்புப்பாதை பிரியும் ரேணிகுண்டா சந்திப்பில் எழுத்தராக இருக்கும் எனக்கு, பிற ஊர்கள் பெரும்பாலும் பயணச்சீட்டில் அச்சிட்ட பெயர்களே. வண்டிகள் வரும், போகும். சேஷாசல மலை மட்டும் அசையாது நிற்கும். அத்தகைய நான் சென்ற கோடையில் பெற்றோர், மனைவி, மகளுடன் மூணாறு சென்றுவந்ததையும், அதனால் எங்கள் குடியிருப்பில் விளைந்த ஒரு சிறு மாறுதலையும் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2023 ஜூன் மாதத்திலிருந்து போடிநாயக்கனூர் வரை மீண்டும் ரயில் ஓடுவதால் பயணம் எளிதாயிற்று. காட்பாடியில் ஏறினோம், போடியில் இறங்கிப் பேருந்து பிடித்து, போடிமெட்டு வழியாக மலையேறினோம். மூணாற்றிலும் ஒரு காலத்தில் குறும்பாதை ரயில் இருந்தது. 1908 முதல் தேயிலை சுமந்து ஓடிய அது, 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. ரயில்வேக்காரன் ஆதலால் இதை எழுதாமல் தாண்ட மனம் வரவில்லை.

அங்கே ஹைரேஞ்ச் கிளப்புக்குச் சொந்தமான கோல்ப் திடல் ஒன்று உண்டு. தோட்டத் துரைமார் காலத்தது. ஒன்பது குழிகளே கொண்டது. பதினெட்டு ஆட விரும்புவோர் அதையே இருமுறை சுற்றுவர். பதினெட்டு என்பதும் வேதவாக்கன்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் முன்பு 22 குழிகள் ஆடினர், 1764-இல்தான் அது 18 ஆயிற்று.

சாலையோரம் நின்று பச்சை வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் தந்தையார் கண்ணை இடுக்கி, "அந்தக் கொடி நூத்தம்பது கஜம் இருக்கும். ஏழாம் நம்பர் மட்டை போதும்" என்றார். எனக்கு வியப்பு. சிறுவயதில் வேறொரு மலையூரில் (பெயர் வேண்டாம்) ஞாயிறுதோறும் துரைமாரின் பை சுமந்தவர் அவர் என்பதை அன்றுவரை நான் அறியேன். என் மகள், "நீங்க அடிச்சா எவ்வளவு தூரம் போகும் தாத்தா?" என்று கேட்டாள்.

"நான் அடிச்சதில்லை கண்ணு. மட்டையை எடுத்துக் கொடுக்கலாம், வீசக் கூடாது."

அச்சொல் ஊர் திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. கோல்ப் என்றாலே பெரும் பரப்பும் பெரும் பணமும் என எண்ணியிருந்தேன். பதினெட்டுக் குழித் திடலுக்கு நூறு ஏக்கருக்கு மேலும் வேண்டியிருக்கும் என்பது மெய்யே. ஆனால் குறுந்திடலின் கணக்கு வேறு. அமெரிக்காவின் அகஸ்டாவில், புகழ்பெற்ற பெரிய திடலின் அருகிலேயே 1958-இல் ஒன்பது குழிகளுடன் சிறுதிடல் ஒன்று அமைத்தனர். அதன் மொத்த நீளம் ஏறக்குறைய ஆயிரம் கஜமே. 1960 முதல் அங்கு நடக்கும் போட்டியில் பல ஆட்டக்காரர்களின் பிள்ளைகளே பை சுமந்து வருகின்றனர். இதை வாசித்துக் காட்டியபோது தந்தையார் சிரித்தார்.

அதற்கும் நெடுங்காலம் முன்பே, 1867-இல், செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கென்று ஒரு சங்கம் எழுந்தது. அவர்களது மேடுபள்ளமான புல்வெளியில் பந்தை உருட்டி ஆடுவது மட்டுமே. இன்று சிறு கட்டணம் செலுத்தி எவரும் அங்கு ஆடலாம்.

திடலை வகுப்பவன் வலுத்த கையை அளவுகோலாகக் கொண்டால் வீட்டில் ஒருவன் ஆட, மற்றவர் காத்திருக்க நேரும். ஏழு வயதுக் குழந்தையின் அடியைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது நான் கண்டது. குழந்தைக்குத் தொடக்கக் கோட்டை முன்னே இடுக. பெரியவருக்குப் பின்னே தள்ளுக. ஒருவர் அடிக்கும் திசையில் வேறொருவர் நடக்கலாகாது. மூன்றாம் குழியும் ஆறாம் குழியும் புறப்பட்ட இடத்தருகே திரும்பி வந்தால், அடுப்பில் பால் வைத்த தாய் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இது அனுபவத்தில் கண்ட உண்மை. ஒரு நாள் பால் பொங்கியே விட்டது.

குடியிருப்பின் பின்னே சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த சிறு வெற்றிடத்தை, உரியவரிடம் கேட்டு, நான்கு ஞாயிறுகளில் வெட்டித் துப்புரவு செய்தோம். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் கடப்பாரையோடு வந்தனர். நாற்பது டிகிரி வெயிலில் புல் வளர்ப்பது நடவாது. குடிநீரை அதற்கு ஊற்றுவது பாவம். அதனால் குழியைச் சுற்றி மணலைச் சலித்துப் பரப்பி, சாக்கை இழுத்துச் சமன் செய்தோம். இதில் வெட்கமில்லை. அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் திடலிலேயே 1930-களின் நடுப்பகுதி வரை மணல் வட்டங்கள்தாம் இருந்தன. குழியின் வாய் நாலேகால் அங்குலம். 1891-இல் நிலைபெற்ற அளவு. அதற்கேற்ற டப்பாவைத் தேடி நான் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தது தனிக்கதை. மிக நீண்ட குழிக்கும் அறுபது தப்படிதான். பந்து பிளாஸ்டிக், மட்டை, நுனி வளைந்த புளியங்கொம்பு.

ஒன்பதாம் குழியை, அம்மா உட்காரும் வேப்பமரத்தடியில் வைத்தோம்.

முதல் மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, தந்தையாரை முதலில் ஆடச் சொன்னோம். மட்டையைக் கையில் வாங்கியவர் நெடுநேரம் நின்றார். பிறகு வீசினார். பந்து கோணலாகப் பறந்து முள்ளில் விழுந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். தந்தையார் மட்டையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் கை நீட்டினார். தோளில் சணல் பையோடு நின்ற என் மகள், இன்னொரு பந்தை எடுத்துக் கொடுத்தாள்.