ஸ்க்ரூ டிரைவரால் டிரம் வாசிக்கும் ஊர்!

மிசிசிப்பி ஆறு கடலில் கலப்பதற்கு முன் கடைசியாகத் தொட்டுச் செல்லும் பெருநகரம் நியூ ஆர்லியன்ஸ். ஜாஸ் இசை பிறந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே டிரெமே பகுதிப் பக்கம் போனால், தெருமுனை திரும்பும் முன்பே 'தும்... தும்...' என்ற சத்தம் நெஞ்சில் வந்து மோதும். டிரம்பெட்டும் டிராம்போனும் அதற்குப் பிறகுதான் காதில் விழும்.

அந்தத் 'தும்'முக்குச் சொந்தக்காரர் பேஸ் டிரம் வாசிப்பவர். தோளில் வார், வயிற்றுக்கு முன்னால் அண்டா அளவுக்குப் பெரிய டிரம், வலது கையில் உருண்டைத் தலை வைத்த கோல். இடது கையைப் பார்த்தால்தான் ஆச்சரியம். அதில் இருப்பது ஒரு ஸ்க்ரூ டிரைவர்! சிலர் கையில் துணி மாட்டும் ஹேங்கரை வளைத்துச் செய்த கம்பி. டிரம்மின் உச்சியில் படுக்கவைத்தாற்போல் சிம்பல் என்கிற வெண்கலத் தட்டு ஒன்று இருக்கும். 'தும்'முக்கு நடுவே அதைத் தட்டி 'சிங் சிங்' என்று பதில் சொல்ல வைப்பது அந்த ஸ்க்ரூ டிரைவர்தான்.

இந்த இரட்டைத் தாளம் மொத்தமும் ஒரு சின்ன இரும்புத் தாங்கியை நம்பித்தான் இருக்கிறது. சிம்பலை டிரம்மோடு பிடித்து நிற்கும் தாங்கி அது. அது ஆடினால் தாளம் ஆடும். உடைந்தால் பாதி தாளம் போச்சு.

நான்கு மணி நேர நடை

1817-ல் நகர நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஓர் இடத்தில்தான் கூடலாம் என்றது. அந்த இடம்தான் டிரெமேயின் ஓரத்தில் இருக்கும் காங்கோ சதுக்கம். அங்கே அவர்கள் ஆப்பிரிக்க முரசுகளை அடித்து ஆடினார்கள். இன்றும் ஞாயிறுதான் இங்கே தாள நாள்.

ஊர்வலங்களை நடத்துபவை அந்தந்தப் பகுதி மக்களின் சங்கங்கள். உறுப்பினரின் மருத்துவச் செலவுக்கும் இறுதிச் சடங்குக்கும் கைகொடுப்பதற்காக ஆரம்பித்த சங்கங்கள் இவை. சங்கத்தாரும் பேண்டும் போவது முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டே வரும் ஊர் ஜனங்கள் 'செகண்ட் லைன்'. ஊர்வலத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. பொதுவாக நான்கு மணி நேரம் நடக்கும். வெயில், ஆற்றோரப் புழுக்கம், திடீர் மழை, கூட்டத்தின் இடி எல்லாவற்றையும் டிரம்மும் சேர்ந்தே தாங்குகிறது. அது ஐம்பது, அறுபது வருடப் பழைய டிரம்மாக இருந்தால், தாங்கிதான் முதலில் முனகும்.

நோய் எங்கே இருக்கிறது?

'கடகட' என்று சத்தம் வந்தால் எல்லோருக்கும் கை போவது போல்ட்டை இறுக்கத்தான். பழைய டிரம்மில் அதுதான் பெரிய தப்பு. இந்தக் கூடுகளில் பல, மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி வளைத்தவை. மேலும் மேலும் இறுக்கினால், இரும்பு ஜெயித்துவிடும், மரம் தோற்றுவிடும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மேலிருந்து கீழாகத் தேடிக்கொண்டு வர வேண்டும்.

முதலில் சிம்பல். அதன் நடு ஓட்டைக்கும் கம்பிக்கும் நடுவே பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குழாய் இருக்க வேண்டும். அது தேய்ந்துபோயிருந்தால் இரும்பும் வெண்கலமும் உரசும். நாளடைவில் ஓட்டை கோணலாகி, அங்கிருந்தே விரிசல் கிளம்பும். குழாயையும் ஃபெல்ட் வளையத்தையும் மாற்றினால் பாதி சத்தம் அடங்கிவிடும்.

அடுத்தது மரை. நட் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறதா? அந்த போல்ட்டில் நல்ல நட் ஒன்றைப் போட்டுப் பார்த்தால், தேய்ந்தது எது என்று தெரிந்துவிடும். இங்கே ஒரு கண்ணி உண்டு. பழைய அமெரிக்க டிரம்களின் மரை அங்குலக் கணக்கு. ஜப்பானில் செய்து வந்த டிரம்கள் மில்லிமீட்டர் கணக்கு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒரு சுற்று உள்ளேயும் போகும். பிறகு முரண்டு பிடிக்கும். பலவந்தமாகத் திருகினால் நல்ல மரையும் பாழ்.

துருப்பிடித்து இறுகிக் கிடந்தால், துரு இளக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி காத்திருப்பதே மேல். சுத்தியலும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். பழைய முத்துப் பளபளப்பு உறைகள் பல செல்லுலாய்டால் ஆனவை. சட்டென்று பற்றிக்கொள்ளும்.

தாங்கியும் இறுக்கமாக இருக்கிறது, மரையும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஆடுகிறதா? அப்படியானால் டிரம்மின் தோலைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். நோய் பெரும்பாலும் அங்கேதான். போல்ட் போகும் வட்ட ஓட்டை, வருடக்கணக்கான அதிர்வில் முட்டை வடிவமாகியிருக்கும். சின்ன வாஷர் மரத்துக்குள் புதைந்திருக்கும். சுற்றிலும் மயிரிழை விரிசல்.

வைத்தியம் பொறுமையானது. கெட்ட ஓட்டையில் உறுதியான மரத்துண்டைப் பசை வைத்து அடைத்து, காய்ந்த பிறகு அதே இடத்தில் புதிதாகத் துளை போட வேண்டும். கூட்டின் வளைவுக்குப் பொருந்தும் அகலமான உலோகத் தகட்டை உள்பக்கம் வைத்தால், பாரம் ஒரு புள்ளியில் விழாமல் பரவும். பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை போடுவது சுலபம். ஆனால் கூடு பலவீனமாகும், பழம்பொருள் மதிப்பும் போய்விடும்.

வெள்ளத்துக்குப் பிறகும்...

2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா புயல் தாக்கியது. கரைகள் உடைந்து நகரத்தின் சுமார் 80 சதவிகிதம் தண்ணீரில் மூழ்கியது. வீடுகளோடு வாத்தியங்களும் போயின. வெள்ளத்தில் ஊறிய டிரம்மில் பசை விட்டு மரத்தகடுகள் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். அதற்குத் தாங்கியை மாற்றிப் பயனில்லை. கலைஞர்கள் பலர் ஊரை விட்டே போக வேண்டியிருந்தது. ஆனாலும் ஊர்வலங்கள் நின்றுவிடவில்லை. திரும்பி வந்தவர்கள் கிடைத்த டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

டிரம் வாசிப்பவருக்கு இந்த ஊர் எப்படிப்பட்ட இடம் கொடுக்கிறது என்பதற்கு லயோனல் பாட்டிஸ்ட் சாட்சி. டிரெமே பிராஸ் பேண்டின் பேஸ் டிரம் கலைஞர். ஊருக்கே 'அங்கிள் லயோனல்'. 2012-ல் அவர் மறைந்தபோது, பார்வைக்கு வைத்த உடலைப் பெட்டியில் கிடத்தவில்லை. விளக்குக் கம்பத்தில் சாய்ந்து, தெருவில் யாருக்கோ காத்திருப்பவர்போல நிற்கவைத்து வழியனுப்பினார்கள்.

இங்கே பேண்டோடு நடக்கும் சவ ஊர்வலத்தில், போகும்போது தாளம் மெதுவாக, அழுகையோடு சேர்ந்து நடக்கும். இறந்தவரிடம் விடைபெற்ற பிறகு ஒரு கணம் அமைதி. அடுத்து பேஸ் டிரம் ஓங்கி ஒலிக்கும், சிம்பல் சிலிர்க்கும், குடைகள் விரியும். அழுதவர்களே ஆடத் தொடங்குவார்கள். அந்த அடியில் தாங்கி கழன்று விழக்கூடாது. அதற்காகத்தான் முந்தின நாள் யாரோ ஒருவர் தோலைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்க்கிறார்.