கன்வர்ட்டரைக் கெடுத்தது எது?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், பாலாற்றைத் தாண்டுவதற்கு முன் வருகிறது ஓரிக்கை. அங்கே ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப். நான் போனபோது குழிமேல் நின்றிருந்தது 2012 மாடல் பெட்ரோல் கார். சென்னையில் ஓடிவிட்டு, செகண்ட்ஹேண்டாக ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம் வந்த வண்டி. செக் இன்ஜின் லைட் அணைவதே இல்லை; அறுபதைத் தாண்டினால் இழுவை இல்லை; மைலேஜ் இறங்கிவிட்டது; பின்னால் நின்றால் அழுகிய முட்டை வாடை. வேறோர் இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, “கன்வர்ட்டர் போச்சு, மாத்திடுங்க” என்று அனுப்பிவிட்டார்களாம். சொன்ன விலை ஆசிரியரை உலுக்கியிருந்தது.

இங்கும் ஸ்கேனரில் அதே பிழைக் குறியீடுதான் வந்தது: பி 0420. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது: பி 0302, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். மெக்கானிக் அண்ணன் இந்த இரண்டாவது குறியீட்டைத்தான் வெகுநேரம் பார்த்தார். “ஐயா, இப்ப புதுசு போட்டா கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் அதையும் இது தின்னுடும்.”

கன்வர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடுபோல நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அந்தப் பூச்சு மாற்றி அனுப்புகிறது. தானாக அது சீக்கிரம் சாவதில்லை. ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் அந்தப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். சூடு ஏறிப் பீங்கான் உருகும், உடையும். இன்ஜின் ஆயிலைக் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் பூச்சை மூடிவிடும். முன்பு ஈயமும் இதைச் செய்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாப் பெட்ரோல் நாடு முழுக்கக் கட்டாயமானதோ 2000 பிப்ரவரியில். இடைப்பட்ட வருடங்களில் சென்னை கார் ஒன்று வெளியூர் பங்கில் ஈயப் பெட்ரோல் போட்டுக்கொண்டால் அதன் கன்வர்ட்டருக்கு அன்றே கேடுதான்.

முதல் சோதனைக்கு இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் உதவிக்கு இருந்த பையன் சைலன்சர் வாயை ஈரத்துணியால் அழுத்திப் பிடிக்க, அண்ணன் மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். குமிழி வரவில்லை. கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆக்சிஜன் சென்சார் உண்டு. முன் சென்சாருக்கு முன்னால் கேஸ்கட் ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரைக் குழப்பிவிடும். இதைப் பார்க்காமல் சென்சார் வாங்குவது பணத்தைச் சாலையில் போடுவதற்குச் சமம் என்றார். நானும் அதை வழிமொழிகிறேன்.

பிறகு வண்டியை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினார்கள். ஸ்கேனர் திரையில் இரண்டு கோடுகள். முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் இடையே ஏறி இறங்கியது; அது அப்படித்தான் ஆட வேண்டும். பின் சென்சார் 0.6, 0.7 என்று அசையாமல் நிற்க வேண்டும், ஏனென்றால் நல்ல கன்வர்ட்டர் ஆக்சிஜனைத் தன்னுள் சேமித்து, தேவைப்படும்போது விட்டு, ஆட்டத்தைச் சமன் செய்துவிடும். இந்த வண்டியிலோ பின் கோடு முன் கோட்டின் கூடவே ஆடியது. பலரும் இதைப் பார்த்ததும் பின் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். உள்ளதைச் சொன்ன பாவத்துக்கு அதற்குத் தண்டனை!

எனக்குப் புதிதாக இருந்தது எரிபொருள் திருத்தக் கணக்கு. லாங் டேர்ம் ட்ரிம் 14 சதவீதம் கூடுதல் காட்டியது. பெட்ரோல் குறைவு என்று இன்ஜின் கம்ப்யூட்டர் நினைத்து மேலும் ஊற்றுகிறது. எரியாத பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும் வண்டியில் இது எப்படி? அண்ணன் விளக்கினார்: “சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது சார், ஆக்சிஜன்தான் தெரியும். எரியாத சிலிண்டர்ல ஆக்சிஜனும் செலவாகாம அப்படியே வருதுல்ல?” மைலேஜ் இறங்கியதற்குக் காரணம் அங்கே கிடைத்துவிட்டது.

இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார். மிஸ்ஸிங்கும் மூன்றுக்குப் போனது. குற்றவாளி காயில்தான். இரண்டாவதின் பிளக் முனையில் கரி அப்பியிருந்தது. புதிய காயில், நான்கு பிளக். மிஸ்ஸிங் நின்றது, பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டுப் பாலாற்றுப் பாலத்துக்கு அப்பால் நெடுக ஓட்டி வந்தபின் ட்ரிம் நான்குக்கு இறங்கியது. அடுத்து முன் சென்சாரையும் சோதித்தார். ஒரு வாக்குவம் குழாயைப் பிடுங்கினால் வோல்ட் உடனே விழுந்தது. காற்று வழியில் கிளீனர் அடித்ததும் சட்டென்று ஏறியது. சென்சார் பிழைத்தது.

பின் கோடு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டே இருந்தது. முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டினார். 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டியது நாலரை காட்டியது. இன்ஜின் ஆறியபின் ரப்பர் சுத்தியால் தட்டினால் உள்ளே கலகலவென்றது. முதலில் பார்த்தவர்கள் சொன்ன பொருள் சரிதான். ஆனால் அன்றே மாற்றியிருந்தால் பழுதான காயில் புதியதையும் கொன்றிருக்கும்.

ஆசிரியர் தயங்கியபடி கேட்டார்: உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு, பின் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் போட்டால் லைட் எரியாதாமே? செலவு மிச்சம்தான். அண்ணன் மறுத்துவிட்டார், நானும் அவர் பக்கமே. பிஎஸ் 4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம், புகைச் சோதனையில் மாட்டும். மாட்டாமல் போனாலும், நாளெல்லாம் அந்தச் சாலையோரம் கடை போட்டிருப்பவர்கள்தான் அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டும். பணம் சேரும்வரை காயில் சரியான நிலையில் நிதானமாக ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது, அடைப்பு கூடினால் வண்டி வழியிலேயே நின்றுவிடும் என்று சொல்லி, அந்த வண்டிக்கே உரிய கன்வர்ட்டருக்கு ஆர்டர் எழுதிக்கொண்டார்.

பில் போடும்போது இன்னொன்றும் சொன்னார். “பழசை இங்கேயே விட்டுட்டுப் போயிடாதீங்க ஐயா. உள்ள இருக்கிற உலோகத்துக்குக் காயலான் கடையில நல்ல விலை. மாத்துற அன்னிக்குக் கேட்டு வாங்கி, இரண்டு இடத்துல விசாரிச்சுட்டுக் குடுங்க.”