கட்டணக் கடிதமும் தாய்ப்பத்திரமும்

சென்னை தம்புச் செட்டித் தெருவில், மாடியில் எங்கள் அலுவலகம். சீனியர் மேடம், குமாஸ்தா அண்ணன், ஜூனியர்கள் இருவர், அவ்வளவுதான். மும்பை, டெல்லி, பெங்களூரு என்று கிளை பரப்பிய பெரிய சட்ட நிறுவனங்கள் இருக்கும்போது இந்தச் சிறு அலுவலகத்துக்கு வேலை எப்படி வருகிறது? வாதாடக் கற்பதற்கு முன்பே மேடம் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்.

எங்கள் தொழிலில் விளம்பரம் கூடாது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 36-ஆம் விதி அதைத் தடுக்கிறது. 2008-க்குப் பிறகு இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை வழக்குகள் என்பது போன்ற, விதி வரையறுத்த விவரங்களைப் போடலாம். அதற்கு மேல் கிடையாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் இதை வலியுறுத்தி, இணையம் வழியே வழக்கு பிடிப்போர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. எனவே கட்சிக்காரர் கேட்டு வரும்போது நாங்கள் கொடுக்கும் கட்டணக் கடிதத்தை வைத்தே எங்களை எடைபோடுவார்.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக்கு நிலம் வாங்க இருந்த கம்பெனி ஒன்று, அதன் பத்திரங்களைச் சரிபார்த்துக் கருத்துரை தர எவ்வளவு கட்டணம் என்று மூன்று அலுவலகங்களிடம் கேட்டிருந்தது. எங்கள் கடிதத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. பெரிய நிறுவனங்களின் நடையில் ‘பல்துறை வல்லுநர் அணி’, ‘முழுமையான சேவை’ என்று பக்கம் பக்கமாக எழுதினேன். மேடம் பென்சிலை எடுத்தார்.

“ஒரே ராத்திரியில பத்து பேரை உட்கார வைக்க அவங்களால முடியும். வரிக்கு ஒருத்தர், தொழிலாளர் சட்டத்துக்கு ஒருத்தர், வெளிநாட்டு முதலீட்டுக்கு ஒருத்தர்னு ஆள் இருக்கு. அது நிஜமான பலம்மா. அது நம்மகிட்ட இருக்கிற மாதிரி எழுதாதே. நாம என்ன செய்வோமோ அதை எழுது.”

அடுத்த கடிதத்தில் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தேன். அதுவும் திரும்பி வந்தது. “தொகையைக் குறைச்சா, பத்திரம் படிக்கிற நேரத்தையும் குறைக்கத் தோணும். அப்புறம் அந்தக் கருத்துரையில நான் எப்படிக் கையெழுத்து போடுறது?”

பிறகு ஒரு பழைய பத்திரக் கட்டை என் முன்னால் அவிழ்த்து வைத்தார். “விரலால எண்ணு” என்றார். பதிவான பத்திரத்தின் ஒவ்வொரு தாளிலும், இது எந்த ஆண்டின் எத்தனையாம் எண் ஆவணம், மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது என்று பதிவு அலுவலகம் குறித்திருக்கும். முத்திரை மை மங்கிய தாள்களைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எண் தெரியும். ஓரம் உதிரும் தாளை இரண்டு கையாலும் தாங்கிப் புரட்டவேண்டும். நான் வேகமாகப் புரட்டும்போதெல்லாம் மறுபடி முதல் தாளுக்குப் போகச் சொன்னார்.

தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்ப்பதோடு வேலை முடியாது. 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல நிலங்களின் உட்பிரிவு எண்கள் மாறின. புதிய எண்ணுக்கு மட்டும் வில்லங்கச் சான்று போட்டால் பழைய எண்ணில் நடந்த விற்பனை வராமல் போகலாம். முன்பு பவர் பத்திரங்கள் 4-ஆம் புத்தகத்தில் பதிவாயின. அவை வில்லங்கச் சான்றில் இடம்பெறா. பதிவு செய்யாத உயிலும் அப்படித்தான். சான்று ‘வில்லங்கம் இல்லை’ என்று சொன்ன பிறகும் எங்கெல்லாம் தேடவேண்டும் என்பது புரிந்த அன்றுதான் கடிதத்தில் எழுத எனக்கு விஷயம் கிடைத்தது.

மூன்றாவது கடிதம் ஒன்றரைப் பக்கம். எந்தெந்த எண்களில் தேடுவோம், எந்தப் பதிவேட்டை நேரில் பார்ப்போம், யார் படிப்பார், யார் கையெழுத்திடுவார், ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு என்று எழுதினேன். வரி ஆலோசனை எங்கள் வேலையில் சேராது என்பதையும் எழுதினேன். மேடம் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினார்.

வேலை ஒரு பெரிய நிறுவனத்துக்குத்தான் போனது. கடன் கொடுக்கும் வங்கி தனக்குப் பழக்கமான பெயரைக் கேட்டதாகச் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு கனத்தது. கடிதத்தில் குறை இருந்திருந்தால் திருத்திக்கொள்ளலாம்; பெயருக்கு என்ன செய்வது? மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் அவர்களுக்குக் கொடுக்க அந்தக் கம்பெனி தயங்கவில்லை என்பதும் உறுத்தியது. மேடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கடிதத்தின் நகலைக் கோப்பில் போடச் சொல்லிவிட்டு, ஒரு கேவியட் மனுவை எடுத்துக் கொடுத்தார்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெரிய நிறுவனமே எங்களைக் கூப்பிட்டது. ஒரு நில விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு அவர்கள் ஏற்கெனவே ஆலோசனை சொல்லியிருந்ததால் 33-ஆம் விதிப்படி அவர்களால் ஆஜராக முடியாது. வேறு யாரிடம் போகலாம் என்று கேட்ட கட்சிக்காரரிடம் எங்கள் பெயரைச் சொல்லியிருந்தார்கள். கம்பெனியிடமிருந்து அவர்கள் கைக்குப் போயிருந்த என் ஒன்றரைப் பக்கத்தைப் படித்துப் பார்த்துத்தான் சொன்னார்களாம்.

அதன் பிறகு காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதி நிலங்களின் பத்திரச் சரிபார்ப்பை அவர்களே எங்களிடம் அனுப்புகிறார்கள். போட்டியாளர் என்று நினைத்தவர்கள் எங்கள் கட்சிக்காரர்களும் ஆனார்கள். கருத்துரையை முதலில் நான் எழுதுகிறேன். மேடம் படித்த பிறகே போகிறது. புதிதாகச் சேர்ந்த ஜூனியருக்குத் தாள் எண்ணச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை இப்போது என்னிடம் விட்டிருக்கிறார்.